நேரியக்கச் சுழல்தட்டின் வரலாறு: உருவாக்கம், பயன்பாடு, மீட்டமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

இசைத்தட்டைச் சுழற்றும் மேடையை மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் முறை ‘டைரக்ட் டிரைவ்’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை நேரியக்கம் எனக் குறிக்கிறது. 1970ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து விற்பனைக்கு வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10, அதன் வழிவந்த எஸ்எல்-1200 ஆகிய கருவிகளை முன்வைத்து நேரியக்கச் சுழல்தட்டின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது. துல்லியமான செவிப்புக்கென வடிவமைக்கப்பட்ட கருவி, நியூயார்க்கின் நடன அரங்குகளில் வேறொரு கருவியாக மாறியமையும், அம்மாற்றமே அதனை அழிவிலிருந்து காத்தமையும் எடுத்துரைக்கப்படுகின்றன. இன்று அக்கருவிகளை வாங்குதல், மீட்டமைத்தல், அதிர்விலிருந்து தனிமைப்படுத்தல் ஆகியன தொழில்நுட்ப வேலைகள் மட்டுமல்ல, வரலாற்றுச் சான்றைக் கையாளும் செயல்களுமாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு, நேரியக்கம், டெக்னிக்ஸ், தொழில்நுட்ப வரலாறு, பயனர், மீட்டமைப்பு, அதிர்வுத் தனிமை.

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டது. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டில் செய்தார் என்பனவே அதன் மையக் கேள்விகளாக இருந்தன. 1984ஆம் ஆண்டு டிரெவர் பின்ச், வீபே பைக்கர் ஆகியோர் எழுதிய கட்டுரை, ஒரே கருவியை வெவ்வேறு சமூகக் குழுக்கள் வெவ்வேறு பொருளில் புரிந்துகொள்கின்றன என்பதை முன்வைத்தது. 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூலில் டேவிட் எட்ஜர்டன், புதுமையைவிடப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் வரலாற்றின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்தினார். நேரியக்கச் சுழல்தட்டின் வரலாறு இவ்விரு நோக்குகளுக்கும் பொருத்தமான சான்றாகும். அக்கருவி கண்டுபிடிக்கப்பட்ட காலம் சில ஆண்டுகள். பயன்பட்டும் பழுதுபார்க்கப்பட்டும் வந்த காலம் அரை நூற்றாண்டுக்கும் மேல்.

2. நேரியக்கத்துக்கு முந்தைய முறைகள்

1877இல் எடிசன் உருளையில் ஒலியைப் பதித்தார். 1887இல் எமிலி பெர்லினர் தட்டையான வட்டில் பதிக்கும் கிராமபோன் முறையை உருவாக்கினார். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டு ஆர்சிஏ விக்டர் 45 சுழற்சித் தட்டை வெளியிட்டது. நுண்ணிய வரிப்பள்ளம் கொண்ட இத்தட்டுகள், சுழலும் கருவியிடமிருந்து இரண்டு பண்புகளைக் கோரின. ஒன்று, வேகம் தடுமாறாமை. மற்றொன்று, மோட்டாரின் அதிர்வு ஊசியை எட்டாமை.

அக்காலத்து மின்மோட்டார்கள் வேகமாகச் சுழல்பவை. 50 ஹெர்ட்சு மின்னோட்டத்தில் இயங்கும் நான்முனை மோட்டார் நொடிக்கு ஏறத்தாழ 25 முறை சுழலும். இசைத்தட்டோ நொடிக்கு 0.56 முறைதான் சுழல வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, மோட்டார் அச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் உருளை ஒன்றை அழுத்தி ஓட்டும் முறை. இங்கிலாந்தின் காரார்டு 301, சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124 ஆகியன இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். உருளை முறையில் இழுவிசை மிகுதி. ஆனால் மோட்டாரின் அதிர்வும் ரப்பர் வழியே தட்டை அடைந்து, இசைக்கடியில் தாழ்ந்த உறுமலாகக் கேட்கும்.

இரண்டாவது, நெகிழும் பட்டையால் ஓட்டும் முறை. 1961இல் எட்கர் வில்சரின் ஏஆர் நிறுவனம் வெளியிட்ட சுழல்தட்டு, பட்டையோடு சுருள்வில்களில் தொங்கும் உட்சட்டகத்தையும் இணைத்து உறுமலைப் பெரிதும் அடக்கியது. எனினும் பட்டை காலப்போக்கில் நெகிழும், வழுக்கும். தட்டு முழு வேகத்தை அடையவும் நேரமாகும்.

3. ஒசாகாவில் ஒரு தீர்வு

ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட மட்சுஷிதா மின்தொழில் நிறுவனம் 1965இல் டெக்னிக்ஸ் என்னும் வணிகப் பெயரை உருவாக்கியது. அந்நிறுவனப் பொறியாளர் ஷூய்ச்சி ஒபாத்தா, இடைவெளியைக் குறைப்பதற்குப் பதிலாக அதனையே நீக்க முனைந்தார். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலுமாயின் உருளையும் வேண்டா, பட்டையும் வேண்டா. 1969இல் அறிமுகமாகி 1970இல் விற்பனைக்கு வந்த எஸ்பி-10 இக்கருத்தின் முதல் வணிக வடிவம்.

இத்தீர்வின் சிறப்பு எளிய கணக்கில் விளங்கும். வேகமாகச் சுழலும் மோட்டாரின் சமநிலைக் குறை 25 ஹெர்ட்சு அளவில் அதிர்வை எழுப்புகிறது. இது செவிக்குப் புலனாகும் எல்லைக்குள் வருவது. நேரியக்க மோட்டாரின் சுழற்சி அதிர்வெண்ணோ 0.56 ஹெர்ட்சு. செவிப்புலன் எல்லையான 20 ஹெர்ட்சுக்கு வெகு கீழே அது நின்றுவிடுகிறது. ஆனால் இத்தனை மெதுவாக ஒரு மோட்டாரைச் சீராக ஓட்டுவது கடினம். தூரிகையற்ற நேர்மின் மோட்டாரும், அதன் சுருள்களுக்கு முறைமாற்றி மின்னோட்டம் தரும் டிரான்சிஸ்டர் சுற்றுகளும் முதிர்ச்சி அடைந்த பின்னரே இது இயன்றது. அவ்வகையில் நேரியக்கத்தை எந்திரவியல் கண்டுபிடிப்பு என்பதைவிட மின்னணுவியல் ஈட்டிய வெற்றி எனலாம்.

1975இல் வெளிவந்த எஸ்பி-10இன் இரண்டாம் வடிவம், குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை அளவுகோலாகக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தியது. தட்டின் வேகம் சிறிது பிறழ்ந்தாலும் கட்டுப்பாட்டுச் சுற்று அதனைப் படிகத்தோடு ஒப்பிட்டு உடனே திருத்தும். இதே காலகட்டத்தில் டெனான், சோனி, ஜேவிசி, பயனியர் முதலிய ஜப்பானிய நிறுவனங்களும் நேரியக்கத்துக்கு மாறின.

4. பயனர் கையில் மாறிய கருவி

எஸ்பி-10 தொழில்முறைக் கருவி. அதற்கு ஊசிக்கையையும் அடிப்பீடத்தையும் தனியே வாங்க வேண்டும். வீட்டுப் பயனுக்கென 1971இல் எஸ்எல்-1100, 1972இல் எஸ்எல்-1200 ஆகியன வெளிவந்தன. இவற்றின் வடிவமைப்பாளர்கள் மனத்தில் கொண்டது, நாற்காலியில் அமர்ந்து அசையாமல் இசை கேட்கும் ஒருவரை.

நடந்தது வேறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்து, ஹிப்-ஹாப் பண்பாட்டின் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. அங்கு இசைத்தட்டு இயக்கியவர் ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹெர்க். ஒரே தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்தட்டுகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாறிமாறி நீட்டுவது அவர் வளர்த்த உத்தி. தொடர்ந்து கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், கிராண்ட் விசார்ட் தியோடோர் ஆகியோர் தட்டைக் கையால் நிறுத்தியும் பின்னோக்கி உராய்த்தும் ஒலியெழுப்பும் உத்திகளை வளர்த்தனர். ஃபிளாஷ் 1981இல் வெளியிட்ட தட்டு, சுழல்தட்டுகளை மட்டுமே கொண்டு இசை தொகுக்கலாம் என்பதற்குச் சான்றாயிற்று.

இவ்வுத்திகளுக்கு நேரியக்கம் ஏன் இன்றியமையாததாயிற்று? பட்டை முறையில் தட்டைக் கையால் தடுத்தால் பட்டை வழுக்கும் அல்லது கழலும். உருளை முறையில் ரப்பர் தேயும். நேரியக்கத்தில் காந்தப்புலம் மட்டுமே தட்டை இழுப்பதால் தேய்வதற்கோ வழுக்குவதற்கோ இடையில் உறுப்பு எதுவும் இல்லை. தட்டின் மேல் வழுவழுப்பான துணி விரிப்பை இட்டால், இசைத்தட்டைக் கை நிறுத்தியிருக்கும்போதும் அடித்தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். விட்டவுடன் இசை முழு வேகத்தில் தொடரும்.

1979இல் வெளிவந்த எஸ்எல்-1200இன் இரண்டாம் வடிவத்தில் இப்பயன்பாட்டின் தடம் தெளிவாகத் தெரிகிறது. முதல் வடிவத்தில் இருந்த திருகுகுமிழ்களுக்குப் பதிலாக, வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் வல்ல நெடிய நகர்குமிழ் வலப்புறம் வைக்கப்பட்டது. இரண்டு தட்டுகளின் தாளத்தைப் பொருத்துவோருக்கு இது மிகவும் பயன்பட்டது. தட்டு 0.7 நொடியில் முழு வேகத்தை எட்டும். வார்ப்பு அலுமினியச் சட்டகத்தின் அடியில் கனத்த ரப்பர் அடிப்பகுதி சேர்க்கப்பட்டது. கருவியின் எடை 12.5 கிலோகிராம். பெருத்த ஒலிபெருக்கிகளுக்கு அருகில் இயங்கும் கருவிக்கே இத்தகைய எடையும் அதிர்வு ஒடுக்கமும் முதன்மைத் தேவையாகும்.

5. புறக்கணிப்பும் மீட்சியும்

நடன அரங்கில் வென்ற நேரியக்கம் செவிப்பறையில் தோற்றது. 1972இல் கிளாஸ்கோவில் உருவான லின் சோண்டெக் எல்பி12 பட்டை முறையைச் சார்ந்தது. அதனைப் பின்பற்றிய பிரித்தானியச் செவிப்பாளர் வட்டம், நேரியக்கத்தின் இடைவிடாத வேகத் திருத்தம் இசையின் இயல்பைக் குலைக்கிறது என வாதிட்டது. இவ்வாதத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. 1970களின் இறுதியில் பெருகிய மலிவான நேரியக்கக் கருவிகள் பல, எடை குறைந்த தட்டும் நெகிழிப் பீடமும் கொண்டவை. அவற்றின் குறை முறைக்கே உரிய குறையாகக் கருதப்பட்டது. 1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்ததும், இவ்விவாதம் முடிவுறாமலே சந்தை சுருங்கியது.

செவிப்பாளர் கைவிட்ட முறையை இசைத்தட்டுக் கலைஞர்கள் தாங்கிப் பிடித்தனர். எஸ்எல்-1200 வரிசை 30 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகி, 2010 வரை உற்பத்தியில் நீடித்தது. 2016இல் புதிய மோட்டாருடன் அவ்வரிசை மீண்டும் தொடங்கப்பட்டது; இம்முறை அது உயர்விலைச் செவிப்புக் கருவியாக முன்வைக்கப்பட்டது. 2020இல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனை வருவாய், 1980களுக்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டை விஞ்சியது. உற்பத்தியாளர் எண்ணிப்பாராத பயன்பாடு, அவர் எண்ணிய பயன்பாட்டுக்கும் வாழ்வளித்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

6. பழைய கருவியைத் தெரிவுசெய்தல்

இவ்வரலாறு, சந்தையில் கிடைக்கும் பழைய கருவிகளின் மேனியில் பதிந்துள்ளது. நடன அரங்கில் உழைத்த கருவியில் நகர்குமிழ் தேய்ந்திருக்கும். ஊசிக்கையின் தாங்கிகளில் ஆட்டம் இருக்கும். சட்டகத்தில் வடுக்கள் இருக்கும். வீட்டில் இருந்த கருவியில் இவை குறைவு. ஆனால் பல்லாண்டு இயங்காமையால் எண்ணெய் இறுகியும் மின்தேக்கிகள் உலர்ந்தும் இருக்கலாம்.

வாங்குமுன் செய்யத்தக்க முதன்மையான ஆய்வு, தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகளைப் பார்ப்பதாகும். துடிப்பொளியில் அப்புள்ளிகள் அசையாது நின்றால் வேகம் சரியானது. நொடிக்கு 100 முறை துடிக்கும் ஒளியில் 33⅓ சுழற்சிக்கு 180 புள்ளிகள் தேவை. 120 முறை துடிக்கும் ஒளியில் 216. இரண்டாம் வடிவத்தில் நான்கு புள்ளி வரிசைகள் உள்ளன. அவை சரியான வேகத்தையும் +6, +3.3, −3.3 விழுக்காட்டு வேகங்களையும் காட்டும். நகர்குமிழ் நடுவில் நிற்கும்போது பச்சை விளக்கு எரிவதும், அதிலிருந்து மெல்ல நகர்த்துகையில் வேகம் தாவாமல் மாறுவதும் நல்ல அடையாளங்கள். ஊசிக்கையை மெல்லப் பிடித்து அசைக்கும்போது தாங்கியில் சிறு ஆட்டமும் தெரியலாகாது.

மின்னழுத்தமும் கருதத்தக்கது. ஜப்பானியச் சந்தைக் கருவி 100 வோல்ட்டுக்கு உரியது. 230 வோல்ட் நாடுகளில் அதற்கு இறக்குமின்மாற்றி தேவை. ஆனால் குவார்ட்ஸ் கட்டுப்பாடுடைய கருவியின் வேகம் மின்னோட்ட அதிர்வெண்ணைச் சார்ந்ததன்று. 60 ஹெர்ட்சுக்கென அமைந்த பழைய உருளைக் கருவியை 50 ஹெர்ட்சில் இயக்கினால் 33⅓ சுழற்சி ஏறத்தாழ 28 ஆகக் குறையும். அதன் மோட்டார்க் கப்பியை மாற்ற வேண்டிவரும்.

7. மீட்டமைப்பும் வரலாற்றுச் சான்றும்

நேரியக்கக் கருவியின் எந்திரப் பகுதி மிக எளிது. எஸ்எல்-1200இன் இரண்டாம் வடிவத்தில் தட்டின் அடியில் காந்த வளையம் பொருத்தப்பட்டுள்ளது; ஆகவே தட்டே மோட்டாரின் சுழலும் பகுதியாகிறது. தட்டை உயர்த்தினால் கீழே நிலையான சுருள்கள் தெரியும். தேய்வதற்குரிய இடம் நடுத் தாங்கி ஒன்றே. 2000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் இடுமாறு கையேடு கூறும். தட்டைக் கழற்றுகையில் காந்தம் இரும்புத் துகள்களையும் திருகுகளையும் ஈர்க்கும் என்பதில் கவனம் வேண்டும்.

முதுமை வெளிப்படுவது மின்னணுப் பகுதியில். மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்து கொள்ளளவை இழக்கும். சூடாகும் மின்னழுத்த நிலைப்படுத்திகளின் பற்றாசு இணைப்புகள் விரிசலடையும். இவை பொதுவான உறுப்புகள்; எளிதில் மாற்றலாம். அந்நிறுவனம் தன் கருவிகளுக்கென்றே உருவாக்கிய தொகுப்புச் சுற்றுகள் பழுதானால் மாற்று கிடைப்பது அரிது. பிற கருவிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்திரம் பல்லாண்டு நிற்க, அதன் சிலிக்கான் முதலில் மடிகிறது. நேரியக்கம் மின்னணுவியலின் வெற்றி என முன்னர்க் கூறப்பட்டது. அதன் ஆயுளின் எல்லையும் மின்னணுவியலிலேயே உள்ளது.

ஊசிக்கையைச் சரிசெய்வதில் அளவுகள் திட்டமானவை. எஸ்எல்-1200இன் இரண்டாம் வடிவத்தில் ஊசிக்கையின் செயல் நீளம் 230 மில்லிமீட்டர். ஊசிமுனை தட்டின் மையத்தைக் கடந்து நீளும் தொலைவு 15 மில்லிமீட்டர். ஆகவே ஊசிக்கையின் சுழல்மையத்துக்கும் தட்டின் மையத்துக்கும் இடைத்தொலைவு 215 மில்லிமீட்டர்.

இங்கு ஒரு கோட்பாட்டுக் கேள்வி எழுகிறது. எந்த நிலைக்கு மீட்டமைப்பது? 1963இல் வெளிவந்த ‘மீட்டமைப்புக் கோட்பாடு’ என்னும் நூலில் இத்தாலிய அறிஞர் செசாரே பிராண்டி, கலைப்பொருள் காலத்தினூடே கடந்துவந்த தடங்களைத் துடைத்தெறியாமல் மீட்டமைக்க வேண்டும் என வலியுறுத்தினார். கலைப்பொருளுக்கென எழுந்த இக்கருத்தை இயங்கும் கருவிக்கு அப்படியே பொருத்த இயலாது. உலர்ந்த மின்தேக்கியை வைத்துக்கொண்டு கருவி இயங்காது. ஆயினும் உட்கருத்து பொருந்தும். கலைஞரின் விரல் தேய்த்த நகர்குமிழையும் வடுப்பட்ட சட்டகத்தையும் புதியனவாக மாற்றி, கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் மிளிரச் செய்தால், மறைவது அழுக்கு மட்டுமன்று. அக்கருவியை உயிர்ப்பித்த பயன்பாட்டின் சான்றும் மறைகிறது. மின்மாற்றியை வெளியே நகர்த்துதல், ஊசிக்கையையே மாற்றுதல் போன்ற மேம்படுத்தல்களில் திரும்பப்பெற இயலாத துளையிடல் நிகழ்வதும் உண்டு. மாற்றியதைப் பதிவுசெய்தல், கழற்றிய உறுப்பைப் பேணுதல், திரும்பப்பெறத்தக்க மாற்றத்தையே மேற்கொள்ளுதல் ஆகிய மூன்றும் குறைந்தபட்ச நெறிகளாகக் கொள்ளத்தக்கவை.

8. அதிர்வுத் தனிமை

நேரியக்கம் மோட்டாரின் அதிர்வை நீக்கியது. அறையின் அதிர்வை நீக்கவில்லை. தரை வழி வரும் அதிர்வும் ஒலிபெருக்கியிலிருந்து காற்று வழி வரும் அதிர்வும் ஊசியை எட்டினால், அவை பெருக்கப்பட்டு மீண்டும் ஒலிபெருக்கியை அடையும். இச்சுழற்சி வலுத்தால் ஓலமாக மாறும்.

இதில் கருதவேண்டிய முதல் அதிர்வெண், ஊசிக்கையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து உருவாக்கும் ஒத்ததிர்வு. 159ஐ, நிறை (கிராம்), நெகிழ்வு (மில்லிநியூட்டனுக்கு மைக்ரோமீட்டர்) ஆகியவற்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது ஹெர்ட்சில் கிடைக்கும். 12 கிராம் ஊசிக்கை, 6 கிராம் கார்ட்ரிட்ஜ், 20 அலகு நெகிழ்வு எனில் விடை ஏறத்தாழ 8.4 ஹெர்ட்சு. 8 முதல் 12 ஹெர்ட்சு வரை ஏற்கத்தக்கதாகக் கருதப்படுகிறது. வளைந்த தட்டின் அசைவுக்கு மேலாகவும் இசைக்குக் கீழாகவும் அது அமைகிறது.

இரண்டாவது, கருவியைத் தாங்கும் அமைப்பின் இயல்பதிர்வெண். கருவியின் எடையால் சுருள்வில் 10 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அது 5 ஹெர்ட்சு. 25 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் 3.2 ஹெர்ட்சு. இயல்பதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தனிமை தொடங்கும். அதன் அருகில் அதிர்வு கூடவே செய்யும். 1 மில்லிமீட்டரே அமிழும் ரப்பர்த் துண்டின் இயல்பதிர்வெண் 16 ஹெர்ட்சுக்குக் குறையாது. அது 22 ஹெர்ட்சுக்குக் கீழ் எதனையும் தடுக்காது. மெத்தென்ற பொருளெல்லாம் அதிர்வைத் தடுக்கும் என்னும் பொதுநம்பிக்கை இக்கணக்கில் நிற்பதில்லை. மறுபுறம், மிக நெகிழ்ந்த வில்லின் மேல் இழுவிசை மிக்க நேரியக்கக் கருவியை வைத்தால், தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பீடமே முறுகி ஆடும்.

ஆகவே நேரியக்க மரபு எடையை நாடியது. நடன அரங்குகளில் கருவிகளைக் கான்கிரீட் பலகைகளின் மேல் வைக்கும் வழக்கம் இதிலிருந்து எழுந்தது. மரத்தளம் உள்ள வீடுகளில் காலடி அதிர்வைத் தவிர்க்கச் சுவரில் பொருத்திய அலமாரி ஏற்றது. கான்கிரீட் தளங்களில் காலடியைவிட ஒலிபெருக்கியின் தாழ்ஒலியே பெருஞ்சிக்கல். அங்குக் கருவியை அறையின் மூலையிலிருந்தும் ஒலிபெருக்கி மேசையிலிருந்தும் விலக்கி வைப்பது செலவில்லாத தீர்வு.

9. ஆவணப் பாதுகாப்புக்கான பயன்

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902இல் தொடங்கியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழிசையும் நாடகப் பாடல்களும் 78 சுழற்சித் தட்டுகளில் வெளிவந்தன. அவற்றை எண்மமாக்குவோர்க்கு இவ்வரலாறு நேரடிப் பயனுடையது. தொடக்ககாலத் தட்டுகள் சரியாக 78 சுழற்சியில் பதிக்கப்பட்டவை அல்ல. வேகம் பிறழ்ந்தால் பாடகரின் சுருதி பிறழும். நுண்மையாக வேகத்தை மாற்றவும், மாற்றிய வேகத்தில் தடுமாறாது நிற்கவும் வல்ல கருவி அப்பணிக்குத் தேவை. எஸ்பி-10இன் இரண்டாம் வடிவத்தில் 78 சுழற்சி உண்டு. எஸ்எல்-1200இன் இரண்டாம் வடிவத்தில் இல்லை. அகன்ற பள்ளத்துக்குரிய ஊசி, நெடுந்தட்டு ஊசியைவிடப் பலமடங்கு பருமனானது என்பதும் மறக்கலாகாது. தவறான ஊசி, ஆவணத்தைப் படிக்கும்போதே அழிக்கும்.

முடிவுரை

நேரியக்கச் சுழல்தட்டு, அதிர்வு என்னும் சிக்கலுக்கு மின்னணுவியல் கண்ட விடை. அதன் வடிவமைப்பாளர் செவிப்பாளரை எண்ணினர். அதன் ஆயுளை நீட்டியவர்கள் பிராங்க்ஸ் குடியிருப்புகளின் இளைஞர்கள். 1979ஆம் ஆண்டு வடிவத்தின் நகர்குமிழும் கனத்த அடிப்பகுதியும் அப்பயனரின் தேவைகள் பொருளில் பதிந்த இடங்களாகும். அதனால் பழைய கருவி ஒன்றை மீட்டமைப்பவர் இரண்டு கடமைகளுக்கு உட்படுகிறார்: கருவி மீண்டும் சீராகச் சுழல வேண்டும், அது யார் கைகளில் சுழன்றது என்னும் சான்றும் எஞ்ச வேண்டும். முதற்கடமைக்கு வேண்டிய அளவுகள் கையேடுகளில் உள்ளன. இரண்டாவதற்கான நெறிகளை அருங்காட்சியகவியலும் தொழில்நுட்ப வரலாறும் இணைந்து வகுக்க வேண்டும். தமிழ் ஒலி ஆவணங்களைக் காக்க முனையும் நிறுவனங்கள், தட்டுகளோடு அவற்றை ஒலிக்கச்செய்யும் கருவிகளையும் ஆவணமாகக் கருதிப் பட்டியலிடுவது அதன் முதற்படியாக அமையும்.